41 கிலோ அரிசி எங்கே போனது?

வாசகர் கடிதம்:

ஐயா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். வெளிநாட்டு உதவியாக வரும் பாடசாலை உணவுப் பொருட்களின் களஞ்சியத் திறப்பை அதிபர் என்னிடம் தந்திருக்கிறார். அரிசி, மஞ்சள் பட்டாணிப் பருப்பு, டின் மீன், எண்ணெய் இருக்கின்றன. பிள்ளைக்கு 75 கிராம் அரிசி. வரவு சராசரி 104. நாளுக்கு 34 சுண்டு அளந்து கொடுக்கிறேன். 60 நாள் முடிந்து எண்ணிப் பார்த்தால், பதிவேட்டில் இருப்பதைவிட 41 கிலோ குறைகிறது. இதற்கிடையில் கூரை ஒழுகி மூன்று மூடை நனைந்துவிட்டது. வேறு சில மூடைகளில் வண்டு விழுந்திருக்கிறது. "பிள்ளைகளின் வரவைக் கொஞ்சம் கூட்டி எழுதிச் சரிக்கட்டுங்கள்" என்று மூத்தவர் ஒருவர் சொல்கிறார். சமைக்கும் அக்கா சில அரிசி மணிகளைப் பொறுக்கி, "பிளாஸ்டிக் அரிசி" என்று வீசுகிறார். பட்டாணிப் பருப்பு அவியுதில்லை என்றும் குறைப்படுகிறார். வெள்ளம் வந்து பாடசாலை முகாமானால் அந்தச் சனத்துக்கு இந்த அரிசியைக் கொடுக்கலாமா என்பதும் தெரியவில்லை. இரவில் நித்திரை இல்லை. நான் என்ன செய்யட்டும்?

– ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு மேற்கு

அன்பின் ரீச்சருக்கு,

அந்த 41 கிலோவை யாரும் களவெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அது எங்கே போயிருக்கும் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே தடயம் இருக்கிறது. கிழக்கில் உணவு உதவிக் களஞ்சியங்களிலும் அந்தச் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலையிலும் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. இதே கேள்வியோடு எத்தனையோ ஆசிரியர்கள் என் முன்னால் இருந்து அழுததைக் கண்டிருக்கிறேன். அதனால் முதலில் கணக்கைப் பார்ப்போம்.

104 பிள்ளைக்கு 75 கிராம் வீதம் நாளுக்கு 7 கிலோ 800 கிராம் வேண்டும். அதை 34 சுண்டாகப் பிரித்தால் ஒரு சுண்டுக்கு ஏறக்குறைய 230 கிராம் வரும். தலைதட்டி அளந்த சுண்டுக்கு இது பொருந்தக்கூடிய நிறைதான். ஆனால் உங்கள் ஊரில் யார் தலைதட்டி அளக்கிறார்கள்? பிள்ளைகள் சாப்பிடும் அரிசியைத் தலைதட்டி அளக்க நமக்குக் கை கூசும். குவித்துத்தான் அளப்போம். குவியலில் ஒரு சுண்டுக்கு 20 கிராம் கூடினால் 34 சுண்டுக்கு 680 கிராம். அறுபது நாளில் 40 கிலோ 800 கிராம். உங்கள் 41 கிலோ அங்கே நிற்கிறது.

இது என் ஊகம் மட்டுமே, நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். கடையில் ஒரு தராசை இரவல் வாங்குங்கள். நீங்கள் வழக்கமாக அளப்பதைப் போலவே பத்துச் சுண்டு அளந்து, மொத்தமாக நிறுத்துப் பத்தால் பிரியுங்கள். பிறகு தலைதட்டிப் பத்துச் சுண்டு அளந்து அதையும் நிறுங்கள். அதிபரையும் பெற்றோர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து, இரண்டு நிறையையும் பதிவேட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். பருப்புக்கும் தனியாக இப்படிச் செய்ய வேண்டும். ஒரு சுண்டு அரிசியின் நிறை ஒரு சுண்டு பருப்புக்கு வராது. அரிசி வகை மாறினாலும் நிறை மாறும், ஆகவே புது அரிசி வந்தால் மறுபடி நிறுக்க வேண்டும். நிறுத்த பிறகும் குறைவுக்குக் காரணம் கிடைக்காவிட்டால், வந்த மூடைகளே நிறை குறைந்திருந்தனவா என்று பாருங்கள். திறக்காத மூடை நாலைந்தைத் தராசில் ஏற்றினால் அது தெரிந்துவிடும்.

குவித்து அளந்ததைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. அந்த அரிசி பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. ஆனாலும் 41 கிலோ என்பது உங்கள் பாடசாலைக்கு ஐந்து நாள் சாப்பாடு. தவணை முடிவில் அந்த ஐந்து நாளும் அடுப்பு எரியாது. பெரிய கணக்கிலும் இது அப்படியே நடக்கும். 2022 நெருக்கடியில் சீனா பாடசாலை உணவுக்கென்று 10,000 மெட்ரிக் தொன் அரிசி தந்தது. 7,900க்கு மேற்பட்ட பாடசாலைகளில் 11 இலட்சம் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு என்பது கணக்கு. பிள்ளைக்கு 75 கிராம் என்று பார்த்தால் நாளொன்றுக்கு 82 தொன்னுக்கு மேலே போகும், மொத்தம் 121 பாடசாலை நாளுக்குத்தான் காணும். எல்லாப் பாடசாலையிலும் உங்கள் சுண்டைப் போல 20 கிராம் குவிந்தால் அந்த அரிசி பத்து நாள் முந்தி முடிந்துவிடும்.

இனி அந்த மூத்தவரின் ஆலோசனை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. உங்களைக் காப்பாற்றத்தான் சொல்லியிருப்பார். ஆனால் 104 பேர் வந்த நாளில் 112 என்று எழுதினால், வகுப்பு வரவு இடாப்பும் உணவுப் பதிவேடும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லத் தொடங்கும். கணக்காய்வுக்கு வருபவர் முதலில் அந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். 41 கிலோ குறைந்ததற்கு விளக்கம் சொல்லலாம். வராத எட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? அதைவிட எனக்கு மனவருத்தம் தருவது வேறொன்று. குறைவை மறைத்தால் அதன் காரணமும் மறைந்துபோகும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒழுகும் கூரையால் வந்த நட்டத்தை வரவில் ஏற்றி ஏற்றி எழுதியிருந்தார்கள். காகிதத்தில் அந்தக் களஞ்சியத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாத களஞ்சியத்துக்குக் கூரைத் தகடு வாங்க யார் காசு தருவார்கள்? அடுத்த மாரியில் பாதிச் சாமான் போனது.

ஆகவே உங்கள் மூன்று நனைந்த மூடைகளுக்கும் இன்றைக்கே ஓர் இழப்பறிக்கை எழுதுங்கள். நீட்டி எழுத வேண்டியதில்லை. எந்த நாள் கண்டீர்கள், எந்த மூடை, எத்தனை கிலோ, காரணம் என்ன, யார் கூட இருந்தார்கள், உடனே என்ன செய்தீர்கள் என்றிருந்தால் போதும். மூடையின் படத்தோடு ஓட்டை விழுந்த கூரையின் படத்தையும் சேருங்கள். ஒரு பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, ஒன்றைக் கையில் வைத்திருங்கள். 41 கிலோவுக்கும் இப்படியே, சுண்டு நிறுத்த கணக்கை இணைத்து எழுதுங்கள்.

நனைந்த மூடையை மற்ற மூடைகளோடு ஒரு மணி நேரம்கூட வைக்க வேண்டாம். வெளியே எடுத்து அவிழ்த்துப் படங்கில் பரப்புங்கள். உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, கட்டி கட்டியாக வருகிறதா, புளித்த மணம் அடிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், பச்சையோ கறுப்போ மஞ்சளோ பூஞ்சணம் தெரிந்தாலும், அந்த அரிசி பிள்ளைகளுக்கு வேண்டாம். கழுவிக் காய வைத்துச் சமைக்கலாம் என்று நினைக்கக் கூடாது. சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. கோழிக்குப் போடலாம் என்று யாராவது கேட்டு வருவார்கள். அந்த நஞ்சு கோழிக்கும் தாராவுக்கும் ஆகாது. சாக்கின் ஓரம் மட்டும் நனைந்து உள்ளே உலர்ந்திருந்தால், நல்ல பகுதியைப் பிரித்துப் புதுச் சாக்கில் போட்டு முதலில் சமைத்து முடிக்கலாம். எது ஆகும் எது ஆகாது என்ற முடிவை நீங்கள் தனியாக எடுக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆகாது என்று அவர் எழுதியதைச் சாட்சி வைத்து நிறுத்து, புதைத்து, அதையும் பதியுங்கள்.

வண்டுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். வண்டு விழுந்ததற்காக அரிசியைக் கொட்டிவிடச் சொல்லும் பெற்றோருக்கு, அவர்கள் வீட்டு அரிசிப் பானையை ஞாபகப்படுத்துங்கள். இளவெயிலில் மெல்லிதாகப் பரப்பினால் வண்டு தானாக ஊர்ந்து போகும். பிறகு சுளகில் புடைத்து, அரித்து, அந்த மூடைகளை முதலில் முடியுங்கள். ஆனால் தாமதிக்கக் கூடாது. வண்டு மணிக்குள்ளே முட்டையிடும், நம் வெக்கையில் ஒரு மாதம் அளவில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். அரிசி மாவாக உதிர்ந்து நாற்றம் எடுக்கும் அளவுக்குப் போயிருந்தால் அதையும் பரிசோதகரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நெல்லுக்கு வைக்கும் நச்சு மாத்திரையை யாராவது நல்ல மனதோடு கொண்டுவந்து தருவார்கள். அதைக் களஞ்சியத்துக்குள் எடுக்கவே வேண்டாம். அது காற்று ஈரத்தில் கரைந்து வெளிவிடும் வாயு ஆளைக் கொல்லும். உங்கள் களஞ்சியத்துக்கு அடுத்த அறையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். புகையூட்டுவது பயிற்சி எடுத்தவர்களின் வேலை, அதுவும் பாடசாலை விடுமுறையில்.

மூடை அடுக்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நனைந்த மூன்றும் சுவரோடு சேர்த்து வைத்தவை என்று நினைக்கிறேன். செங்கல் வைத்து அதன்மேல் பலகை போட்டு, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடுக்குங்கள். ஓர் ஆள் சுற்றிவந்து எண்ணக்கூடிய இடைவெளி நாலு பக்கமும் வேண்டும். எலி எச்சம் எங்கே கிடக்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். முந்தி வந்ததை முந்திக் கொடுப்பது வழக்கம். அதற்கும் மேலாகத் திகதியைப் பாருங்கள், முந்தித் திகதி முடிவதுதான் முந்திப் போக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த டின்களில் இலக்கத்தில் திகதி இருந்தால் கவனம். அங்கே மாதத்தை முன்னால் எழுதுவார்கள், நாள் பின்னால் வரும். 04/07 என்றிருந்தால் அது ஏப்ரல் 7. ஜூலை 4 என்று வாசித்தால் மூன்று மாதம் பிழைத்துவிடும். உப்பிய டின், பொருத்தில் நசுங்கிய டின், துருப்பிடித்து ஓட்டை விழுந்த டின் மூன்றையும் திறந்து மணந்துகூடப் பார்க்காமல் ஒதுக்குங்கள். எலி ஓடிய இடத்து டின்னை, திறக்க முன்னர் கழுவ வேண்டும். எலிக்காய்ச்சல் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

லொறி வரும் நாளைப் பற்றியும் ஒரு சொல். சாரதி அவசரப்படுத்துவார், தண்ணீர் ஏற முன்னர் அவர் திரும்ப வேண்டும். இருந்தாலும் இறக்கி எண்ணி முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். கிழிந்ததோ நனைந்ததோ இருந்தால், "இரண்டு மூடை ஈரம்" என்று அவருடைய பிரதியிலும் உங்கள் பிரதியிலும் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. லொறி போன பிறகு கண்டுபிடிக்கும் குறை உங்களுடைய குறையாகிவிடும்.

அந்தப் "பிளாஸ்டிக் அரிசி" பற்றிச் சமைக்கும் அக்காவிடம் நீங்களே இருந்து கதையுங்கள், ஆள் அனுப்பிச் சொல்லாதீர்கள். உதவியாக வரும் அரிசியில் சில வேளை இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்த்த செறிவூட்டிய அரிசி இருக்கும். அரிசி மாவோடு சத்தைக் கலந்து, பிசைந்து, அரிசி வடிவிலேயே வெட்டிக் காய வைத்த மணிகள் அவை. ஏறக்குறைய நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் சாதாரண அரிசியோடு கலந்திருப்பார்கள். நிறமும் பளபளப்பும் சற்று மாறித் தெரியும். சாக்கில் "செறிவூட்டியது" என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த அக்கா பாடுபட்டுப் பொறுக்கி வீசுவது அந்த மூடையிலேயே விலை கூடிய மணிகளை, சோகை பிடித்த பிள்ளைக்கென்று போட்டதை. நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்தான் உட்கார்ந்து கல்லும் மணியும் பொறுக்குவார், அதனால் அவரைக் கண்டிக்காதீர்கள். ஒரு கைப்பிடி மணியை அவர் முன்னாலேயே அவித்துக் காட்டுங்கள். சோறாக மலர்வதைக் கண்டால் அவரே மற்றத் தாய்மாருக்குச் சொல்வார். இந்த அரிசியை நிறையத் தண்ணீரில் அவித்துக் கஞ்சியை வடித்து ஊற்றாமல், அளவு தண்ணீர் வைத்து வற்ற விடுவது நல்லது.

வெள்ளத்தைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரைக்குப் போக்குவரத்து லேசாகியிருக்கிறது. ஆனாலும் கார்த்திகை மார்கழியில் கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடத் தொடங்கினால், வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் படகுப் பாதை நின்றுவிட்டால், அந்தப் பக்கச் சனம் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் நாம் அதைக் கண்டோம். சனம் பாடசாலைக்குத்தான் வரும். பூட்டிய கதவுக்குப் பின்னால் அரிசி இருப்பது அவர்களுக்குத் தெரியும். திறப்பு உங்கள் மடியில் இருக்கும்.

விதிப்படி அந்த அரிசி பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று தந்தது. வேறொருவருக்குக் கொடுக்க உங்களுக்கோ அதிபருக்கோ அதிகாரம் இல்லை. வலயக் கல்விப் பணிப்பாளர் வழியாகத் தந்த நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். முகாமுக்குச் சமைத்த உணவு கொடுப்பது பிரதேச செயலாளரின் பொறுப்பு. ஆகவே மழை தொடங்க முன்னரே அதிபரைக் கொண்டு வலயத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்: "வெள்ளத்தில் பாதை துண்டிக்கப்பட்டு, பாடசாலை இடைத்தங்கல் முகாமானால், களஞ்சியத்திலிருந்து எவ்வளவு வரை கடனாகக் கொடுக்கலாம், யாரிடம் அனுமதி பெறுவது, யார் திருப்பித் தருவது?" பதில் வந்தால் அது உங்கள் கையில் பலம். வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குக் கடிதம் சாட்சி.

அனுமதி வராமலே தண்ணீர் வந்துவிட்டால்? 2011 வெள்ளத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அதிபர் இரண்டாம் இரவு களஞ்சியத்தைத் திறந்தார். தொலைபேசி வேலை செய்யவில்லை. முன்னூறு பேருக்கு மேல் வகுப்பறைகளில் இருந்தார்கள், கைக்குழந்தைகள் கஞ்சிக்கு அழுதன. அவர் பூட்டைத் திறக்க முன்னர் ஒரு பிள்ளையின் கணிதக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். திகதி, நேரம், எடுத்த மூடை, சமைத்த கிலோ, குடும்பத் தலைவரின் பெயர், கையெழுத்து, எழுதத் தெரியாதவருக்குப் பெருவிரல் அடையாளம். மறுநாள் தோணியில் வந்த கிராம சேவையாளரிடமும் அதில் கையெழுத்து வாங்கினார். கணக்காய்வில் அந்தக் கட்டக் கொப்பியை நான் கையில் பிடித்துப் பார்த்தேன், ஓரம் எல்லாம் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. அதை வைத்துத்தான் அந்தக் கணக்கு முடிந்தது. விதியை மீறுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. பசித்தவர்கள் முன்னால் என்ன செய்வது என்பதை அந்த இரவு அங்கே நிற்பவர்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். எதைச் செய்தாலும் அதே இரவில் எழுதிவையுங்கள். அதிபரோடு சேர்ந்து செய்யுங்கள், தனியாகத் திறக்காதீர்கள்.

கூரை திருத்தும்வரை முழுத் தவணைக்கான சாமானையும் உங்கள் பாடசாலையில் இறக்க வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் பெரிய பாடசாலையிலோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்திலோ வைத்து, இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கலாம். மாரியில் பாதை துண்டிக்கும் என்பதால் முழுவதும் கையில் இருப்பதே நல்லது என்று சிலர் வாதிப்பார்கள். கூரை நல்லதென்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஒழுகும் கூரையின் கீழ் அது சரிவராது. யானை வரும் ஊர் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். அரிசி மணம் பிடித்துச் சுவரை இடித்தால் அரிசியோடு கட்டடமும் போகும்.

கடைசியாகப் பட்டாணிப் பருப்பு. மைசூர்ப் பருப்பைப் போல நினைத்து அடுப்பில் வைத்தால் அது அவியாது. முதல்நாள் பின்னேரமே அளந்து கொடுத்து ஊறப் போடச் சொல்லுங்கள். பழப்புளியோ தக்காளியோ முதலே போட்டால் பருப்பு கல்லாகவே நிற்கும். நன்றாக அவிந்து மசிந்த பிறகு புளியும், இறக்குகிற நேரம் தேங்காய்ப்பாலும் விட்டால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். ஊறிய பருப்பு பானையில் பொங்கி நிற்பதைக் கண்டு கூட அளந்துவிட்டதாகப் பயப்படாதீர்கள். பதிவேட்டில் எழுத வேண்டியது ஊற முன்னர் நிறுத்த நிறை.